அகத்தியர் மலைக்கு மேலே 16 மணி நேரம்

தங்கச்சி பிரசவத்துக்கு அமெரிக்காவில் டல்லாஸுக்குக் கிளம்பிய அப்பா அம்மாவின் பெட்டியைக் கட்டியது நான்தான். கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஆறு கட்டு, கூழ்வத்தல், பிரசவ லேகியம், தங்கச்சிக்கு இரண்டு பருத்திச் சேலை, பிறக்கப் போகிற பிள்ளைக்கு அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணிகள். 23 கிலோவைத் தாண்டக் கூடாது என்று எடை மெஷினில் நாலு தடவை ஏற்றி இறக்கினேன். அந்தப் பெட்டிக்குள்ளேதான், சேலை மடிப்புக்கு நடுவில் பத்திரமாக இருக்கட்டும் என்று, அப்பாவின் ஆறு மாத மாத்திரை அத்தனையையும் வைத்தேன்.

பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது. நடுவானில், நடு ராத்திரியில் அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது மாத்திரைகள் அவர் காலுக்குச் சில அடி கீழேதான் இருந்தன. எடுக்க வழியில்லை.

இதை எழுத எனக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அந்த ஏழு வீட்டிலும் அறுபது, எழுபது வயதில் அப்பா அம்மா இருக்கிறார்கள். மகளுக்குப் பிரசவம், மருமகளுக்குப் பிரசவம், பேரனுக்கு மொட்டை என்று ஒருநாள் எல்லாருமே விமானம் ஏறத்தான் போகிறார்கள். அவர்கள் கையில் கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. தபால் ஆபீசில் 36 வருஷம் வேலை பார்த்தவர். பயணத்துக்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு அட்டாக் வந்தது. பாளையங்கோட்டையில் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தனக்குள் இருக்கும் ரத்தத்தில் வெளியே தள்ளுகிற பங்கு, 40 சதவீதம் என்று வந்தது. நல்ல இதயத்துக்கு 55-க்கு மேல் இருக்கும். அதோடு காலையில் ஒரு நீர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று அவர் வாழ்க்கை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. காலையில் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார். சாயங்காலம் வாசல் திண்ணையில் பேப்பர்.

டிக்கெட் போடுவதற்கு முன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே, "மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

"தட்டையாப் படுக்க முடியுதா? தலைக்கு எத்தனை தலகாணி வைக்கீங்க?"

"ஒண்ணுதான் சார்."

பக்கத்தில் நின்ற அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு இருந்தாள். வாய் திறக்கவில்லை. இரண்டு மாதமாக அப்பா மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குகிறார் என்று டல்லாஸ் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் அம்மா சொன்னாள். "சொன்னா டாக்டர் போகவேண்டாம்னு சொல்லிருவாரு, பிள்ள அங்க ஒத்தையில கெடப்பாளேன்னு ஒங்க அப்பா சொல்லுதாவ. நானும் வாயப் பொத்திட்டு இருந்துட்டேன்."

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகள் பிரசவத்துக்குத் தாய்வீட்டு ஆள் இல்லாமல் இருப்பது என்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் டாக்டர் கேட்ட அந்த இரண்டு கேள்வியிலும் எல்லாமே இருந்தது. சமதரையில் ஐம்பது மீட்டர் நிற்காமல் நடக்க வேண்டும், ஒரு மாடி ஏற வேண்டும், நெஞ்சு வலியும் மூச்சிரைப்பும் வரக் கூடாது: விமானம் ஏறத் தகுதி உண்டா என்று பார்க்க உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கும் முதல் சோதனை இவ்வளவு எளிமையானதுதான். அதில் தேறினால் மட்டும் போதாது. ஆனால் அதில் பொய் சொன்னால் அதற்கு மேல் டாக்டர் பார்க்கிற எதுவுமே சரியாக இருக்காது.

பயணத்தன்று காலையில் அப்பா நீர் மாத்திரையைப் போடவில்லை. காரில் போகும்போது அடிக்கடி நிறுத்தச் சொல்ல வேண்டும், விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர்களை எழுப்ப வேண்டும் என்ற கூச்சம். எனக்குத் தெரிந்து இதய நோயாளிகளில் பலர் பயண நாளில் செய்கிற முதல் தப்பு இதுதான். பஸ்ஸில் சங்கரன்கோவில் போவதற்கே நீர் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மா வழிக்குப் புளியோதரை கட்டினாள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், மாங்காய் ஊறுகாய். காலையில் காரிலும், மத்தியானம் ஏர்போர்ட்டிலும் அதுதான் சாப்பாடு. உடம்பில் உப்பு ஏறினால் தண்ணீர் தங்கும், தண்ணீர் தங்கினால் பலவீனமான இதயம் அதைத் தள்ள முடியாமல் நுரையீரலில் தேங்கவிடும். வெளியேற்றுகிற மாத்திரையை நிறுத்திவிட்டு, தேக்குகிற உப்பைக் கூட்டியிருக்கிறோம். அந்த நேரம் எனக்கு இது எதுவும் உறைக்கவில்லை. புளியோதரை நன்றாக இருக்கிறது என்று நானும் சாப்பிட்டேன்.

நாங்குநேரி, வள்ளியூர், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய்ச் சேர நாலு மணி நேரம். இந்தக் கார் பயணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பிறகுதான் படித்தேன். காலைத் தொங்கப்போட்டு நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால், கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அது விமானத்துக்கு மட்டுமல்ல, கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆரோக்கியமானவர்களில் அப்படி ரத்தம் கட்டுவது சுமார் 6000 பேருக்கு ஒருவர் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. சின்ன எண்தான். வயது, பலவீனமான இதயம், அண்மையில் நடந்த ஆபரேஷன், புற்றுநோய் இவை சேரும்போது அந்த எண் சின்னதாக இருக்காது. காலில் கட்டின ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஏர்போர்ட்டில் வீல்சேர் கேட்கலாம் என்றேன். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "காலு வெளங்காதவனா நான்? ஊர்க்காரன் எவனாவது பாத்தா என்ன நெனப்பான்?" நானும் விட்டுவிட்டேன். கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார், செக்யூரிட்டியில் பெல்ட்டையும் செருப்பையும் கழற்றி மாட்டினார், கேட் வரை நடந்தார். வளைகுடாவில் விமானம் மாறும் இடத்தில் அம்மா கணக்குப்படி "நம்ம வீட்டுலேர்ந்து ரயில்வே ஸ்டேஷன் தூரம்" நடந்தார்களாம். நடுவில் மூன்று தடவை நின்று, கடைகளை வேடிக்கை பார்ப்பதுபோல் கண்ணாடியில் கை வைத்து மூச்சு வாங்கினாராம் அப்பா. விமானப் பயணத்தில் இதயத்துக்குப் பெரிய உழைப்பு பல நேரம் இந்தத் தரையில்தான் நடக்கிறது. தூக்கம் கெட்டு, பதற்றத்தோடு, கையில் சுமையோடு, தூரமாக ஒரு நடை. நடக்க முடியும், ஆனால் நெடுந்தூரம் முடியாது என்கிறவர்களுக்குத்தான் முக்கியமாக அந்த வீல்சேர் ஏற்பாடே இருக்கிறது. டிக்கெட் போடும்போதே சொல்லி வைக்க வேண்டும்.

இனி மேலே என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். அம்பாசமுத்திரத்துப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மேற்கே திரும்பினால் பொதிகை தெரியும். அகத்தியர் மலை உச்சி 1868 மீட்டர். விமானம் முப்பது, நாற்பதாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே காற்றை அடைத்து அழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்குக் கூட்டுவதில்லை. விதிப்படி அதிகபட்சம் 8000 அடி உயரத்தில் என்ன அழுத்தம் இருக்குமோ அது வரை குறையலாம். 8000 அடி என்றால் 2438 மீட்டர். அகத்தியர் மலை உச்சியில் நின்று, அதற்கு மேலும் அரை கிலோமீட்டருக்கு அதிகமாக ஏறினால் வரும் உயரம். ஊட்டிக்கும் மேலே. சில புதிய ரக விமானங்களில் 6000 அடி அளவில் வைத்திருக்கிறார்கள், அது எவ்வளவோ தேவலை.

பொதிகை ஏறுகிறவர்கள் இரண்டு நாள் நடந்து, பைய பையப் போவார்கள். விமானம் அரை மணி நேரத்தில் நம்மை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்துவிடுகிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற அளவு குறைகிறது. தரையில் 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். நல்ல உடம்புக்காரருக்கே ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 97-லிருந்து 90, 93 அளவுக்கு இறங்கும். அவருக்கு அது தெரியாது. இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்துச் சமாளித்துவிடும். ஏற்கெனவே 40 சதவீத பம்பிங்கில் ஓடும் இதயத்துக்கு அந்தக் கொஞ்சம்தான் பாரம். போதாததற்கு, ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும். இதயத்தின் வலது பக்கம் இன்னும் அழுத்தித் தள்ள வேண்டும். இப்படியே 16 மணி நேரம்.

அப்பாவுக்கு இரண்டாவது விமானத்தில் ஏழு மணி நேரம் கழித்து ஆரம்பித்தது. முதலில் இருமல். பிறகு சீட்டைச் சாய்த்தால் மூச்சு முட்டியது, நிமிர்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. அம்மா தண்ணீர் கொடுத்தாள். செருப்புக்குள் கால் போகவில்லை, அப்படி வீங்கியிருந்தது. அப்போதும் அப்பா, "வாயுதான், யாரையும் கூப்பிடாத" என்றிருக்கிறார். அம்மாதான் மேலே இருக்கும் பொத்தானை அமுக்கினாள். இங்கிலீஷ் தெரியாத அம்மா, விமானப் பெண்ணிடம் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டி, அப்பாவைக் காட்டியிருக்கிறாள்.

டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று மைக்கில் கேட்டார்கள். ஒரு மலையாள டாக்டரம்மா எழுந்து வந்தார். இது வெறும் அதிர்ஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஐந்து விமான நிறுவனங்களின் 2008 முதல் 2010 வரையிலான பதிவுகளைப் பார்த்து, அமெரிக்காவில் 2013-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. சுமார் 604 பயணங்களுக்கு ஒன்றில் இப்படி மருத்துவ அவசரம் வந்திருக்கிறது. மயக்கம்தான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இதயக் கோளாறு எட்டு சதவீதம் போல. அந்த அவசரங்களில் ஏறக்குறைய பாதியில் பயணி ஒருவராக வந்த டாக்டர் உதவியிருக்கிறார். மற்ற பாதியில் டாக்டர் யாரும் உதவிக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துத்தானே படிக்க வேண்டும்?

டாக்டரம்மா மாத்திரைச் சீட்டு கேட்டார். பெட்டிக்குள். ஈசிஜி காகிதம்? அதுவும் பெட்டிக்குள். என்ன ஸ்டென்ட், எப்போது வைத்தது? அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அப்பாவின் கால் முன்னெலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அதை வைத்தே புரிந்துகொண்டார். விமானத்தின் மருந்துப் பெட்டியில் நீர் பிரிகிற ஊசி இருந்தது. அதைப் போட்டு, ஆக்சிஜன் வைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, விடியும் வரை பக்கத்திலேயே இருந்தார். விமானி தரையில் இருக்கும் டாக்டரிடம் பேசியிருக்கிறார். இறங்கியதும் ஆம்புலன்ஸ். ஒன்பது மாத வயிற்றோடு என் தங்கச்சி இரண்டு ராத்திரி அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தோம். ஏற்கெனவே இருந்த நோய்க்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பாலிசியில் சின்ன எழுத்தில் இருந்தது. அதை நான் படித்திருக்க வேண்டும். தங்கச்சியும் மாப்பிள்ளையும் இன்னும் தவணை கட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு நான் எங்கள் டாக்டரிடம் தனியாகப் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னவற்றில் சில இங்கே. பொதுவான அளவுகள்தான், உங்கள் டாக்டர் உங்களுக்கென்று சொல்வதுதான் கணக்கு. சிக்கல் இல்லாத அட்டாக் என்றால் ஏழு முதல் பத்து நாள் வரை விமானம் வேண்டாம். சிக்கல் இருந்தால் இன்னும் அதிகம். சிக்கல் இல்லாமல் ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து நாள். பேஸ்மேக்கர் வைத்தால், நுரையீரலில் காற்றுக்கசிவு இல்லையென்று படம் எடுத்துப் பார்த்த பிறகு, இரண்டு நாளில் பறக்கலாம். அதன் அட்டையைச் செக்யூரிட்டியில் காட்டிவிட வேண்டும், கையில் பிடிக்கும் கருவியை நெஞ்சுக்கு மேல் வைத்துக்கொண்டே நிற்கவிடக் கூடாது. பைபாஸ் என்றால் குறைந்தது பத்து நாள். நெஞ்சைத் திறந்து மூடியதில் உள்ளே கொஞ்சம் காற்று தங்கியிருக்கும். மேலே போனால் அது சுமார் 30 சதவீதம் விரியும். திருவனந்தபுரத்தில் அம்மா வாங்கிப் பையில் வைத்த நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் விமானத்தில் தலையணை மாதிரி உப்பி நின்றதாம். நெஞ்சுக்குள் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொன்னார். விமானத்தில் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். உள்ளே காற்று அவ்வளவு வறட்சி, ஈரப்பதம் 20 சதவீதம்கூட இருக்காது, அதனால் பொதுவாக அது சரிதான். ஆனால் பம்பிங் குறைந்து, நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து குடிக்கிறவருக்கு அது பொருந்தாது. அவர் அந்த அளவைத்தான் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். இதை எந்தப் பயணக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை.

ஆறு மாதம் கழித்து அப்பா திரும்பி வந்தார். கிளம்புவதற்கு முன் அங்கேயே எக்கோ எடுத்தார்கள். மெடிஃப் என்று ஒரு படிவம் உண்டு, நோயாளி பறக்கலாமா என்று டாக்டர் எழுதி விமான நிறுவனத்துக்குக் கொடுப்பது. அதை நிரப்பிக் கொடுத்தாள் தங்கச்சி. தரையில் உட்கார்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் 92-க்குக் கீழே இருந்தால் மேலே தனியாக ஆக்சிஜன் தேவைப்படலாம். அப்பாவுக்கு 96 இருந்ததால் வேண்டியிருக்கவில்லை. தேவைப்படுகிறவர்கள் வீட்டுச் சிலிண்டரைக் கொண்டுபோகப் பெரும்பாலும் விடமாட்டார்கள். பேட்டரியில் ஓடும் சின்ன மெஷினுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னாலாவது சொல்லி அனுமதி வாங்க வேண்டும். காலில் இறுக்கமான சாக்ஸ் போடலாமா என்று கேட்டதற்கு, கால் ரத்தக்குழாயில் அடைப்பு இல்லையென்று பார்த்த பிறகுதான் டாக்டர் சரி சொன்னார். நீர் மாத்திரையை நிறுத்தக் கூடாது, நேரத்தைத் தள்ளி வைக்கலாம் என்றார். எல்லா மாத்திரையும், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு அப்பா மடியிலேயே இருந்தது. கூடவே இங்கிலீஷில் ஒரே ஒரு பக்கம்: என்ன நோய், எப்போது ஸ்டென்ட், என்னென்ன மாத்திரை, யாருக்குப் போன் செய்ய வேண்டும். பழைய ஈசிஜியின் நகல் ஒன்று.

அப்பா எதையும் எழுதி வைக்கிறவர். அந்தப் பயணத்திலும் விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியை வைத்துக்கொண்டு ஒரு சின்ன நோட்டில் எழுதியிருக்கிறார். இப்போது அது என் மேஜை மேல் இருக்கிறது. தபால் ஆபீஸ் கையெழுத்து, நேர் கோடாக இருக்கிறது.

"புறப்பாடு. 96. நாடி 74. வீல்சேர்க்காரப் பையன் வங்காளி, நல்ல பையன்."

"மேலே வந்து 1 மணி. 91. நாடி 86."

"பின்பக்கம் வரை நடந்தேன், 2 தடவை."

"சாப்பாடு உப்பு அதிகம். ஊறுகாய் திருப்பிக் கொடுத்துவிட்டேன்."

"நீர் மாத்திரை போட்டேன். ஒன்றுக்கு 4 தடவை. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வழிவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை."

"90. தூங்கினேன்."

"கால் அமுக்கிப் பார்த்தேன். குழி இல்லை."

திருவனந்தபுரத்தில் நான் போய் நின்றேன். வீல்சேரில் வந்தார். எங்கள் ஊர்க்காரர் இரண்டு பேர் அதே விமானத்தில் வந்திருந்தார்கள், அப்பாவே கையைக் காட்டிக் கூப்பிட்டு அவர்களிடம் பேசினார்.

போன வாரம் எதிர்வீட்டு அண்ணாச்சி வந்திருந்தார். சிங்கப்பூரில் மகன் வீடு கட்டிப் பால் காய்ச்சுகிறான், அடுத்த மாசம் டிக்கெட். இனிப்புக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அப்பா நோட்டை எடுத்து வந்தார். கருவியை அண்ணாச்சி விரலில் மாட்டிவிட்டு, எண் வருவதற்குள் கேட்டார்.

"அண்ணாச்சி, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுங்கிடையாது."

"நெசத்தச் சொல்லும். நானும் இப்படித்தான் சொன்னேன்."

அண்ணாச்சி தெருவைப் பார்த்தார். உள்ளே அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"கொஞ்சம் வாங்கத்தான் செய்யுது," என்றார். "ஒரு மாசமா. வீட்டுல சொல்லல."

அப்பா அவர் விரலிலிருந்து கருவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "செருப்பப் போடும். டாக்டரு ஆறு மணி வரைக்கும் இருப்பாரு, நானும் கூட வாரேன்."